நவூருவில் அரை ஓட்டு, கால் ஓட்டு: குட்டித் தீவுத் தேர்தலைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

முதலில் என் கதை. 2019-இல் ஒப்பந்த வேலைக்குக் கணக்கராக, பசிபிக் கடலில் இருக்கும் நவூரு என்ற தீவு நாட்டுக்குப் போயிருந்தேன். மொத்தத் தீவே 21 சதுர கிலோமீட்டர். ஸ்கூட்டரை எடுத்தால் அரை மணி நேரத்தில் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். அதற்குள் எட்டுத் தொகுதி, 19 எம்.பி.க்கள். அரசியலைக் கட்சிகள் நடத்துவதில்லை, சொந்தபந்தம்தான் நடத்துகிறது. திருநெல்வேலியில் தேர்தல் பார்த்து வளர்ந்த எனக்கு இது ஏதோ சங்கத் தேர்தல் மாதிரிதான் இருந்தது.

நான் குடியிருந்தது மெனெங் தொகுதி. வீட்டுக்கார அம்மாவுக்கு வேட்பாளர்களில் மூன்று பேர் உறவு. ஒருவர் வந்து, "முதலிடம் உங்க அண்ணன் மகனுக்குத்தான், தெரியும். எனக்கு ரெண்டாவது போடுங்க" என்றார். இரண்டாம் இடம் கேட்டு ஒருவர் வீடு வீடாக அலைவதை அன்றுதான் பார்த்தேன்.

விஷயம் என்னவென்றால், அங்கே ஒருவருக்கு மட்டும் குத்திவிட்டு வர முடியாது. சீட்டில் இருக்கும் எல்லாருக்கும் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். ஒன்று போட்டால் முழு ஓட்டு, இரண்டுக்கு அரை, மூன்றுக்கு மூன்றில் ஒன்று, நான்குக்குக் கால். டவ்டால் என்ற அயர்லாந்துக்காரர் வகுத்த முறை, 1971-இலிருந்து இருக்கிறது. பத்து வேட்பாளர், 210 வாக்காளர் என்று வையுங்கள். 100 பேர் ஒருவரை முதலிடத்தில் போட்டு, மீதி 110 பேர் கடைசியில் தள்ளினால் அவருக்கு 111. இன்னொருவருக்கு முதலிடம் 40-தான், ஆனால் மற்ற 170 பேரும் இரண்டாமிடம் கொடுத்தால் 125. அவர் முந்திவிடுவார். யாரையும் பகைத்துக்கொள்ளாதவனுக்கு லாபம்! கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது.

ஆகஸ்ட் 24, சனிக்கிழமை வாக்குப்பதிவு. ஓட்டுப் போடுவது கட்டாயம், அதனால் ஊரே சாவடியில். முடிவு வந்தபோதுதான் அதிர்ச்சி: அதிபராக இருந்த பாரன் வாக்கா (Baron Waqa), போயே (Boe) என்ற தொகுதியில் தன் சொந்த இடத்தையே இழந்திருந்தார். மூன்று நாளில் நாடாளுமன்றம் கூடி லயனல் ஐங்கிமியாவை 12-க்கு 6 என்று அதிபராக்கிவிட்டது. அங்கே அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, எம்.பி.க்கள்தான்.

சரி, நீங்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1
நான் யாழ்ப்பாணம். ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வெளிக்கிட்டு, அந்த நாட்டு அரசால் நவூருவில் கொண்டுபோய் விடப்பட்டவர்களில் ஒருவன். 2016 ஜூலைத் தேர்தலின்போது அங்கேதான் இருந்தேன். ஒரு கடையில் வேலை. கடைக்கு வருகிற சனம் முழுக்க தேர்தலைப் பற்றியே கதைக்கும். எங்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் அவர்கள் அங்கே யாரைத் தெரிவு செய்கிறார்கள் என்பதைவிட, கன்பராவில் யார் என்ன முடிவெடுக்கிறார்கள் என்பதைத்தான் நாங்கள் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரே மாதத்தில் நவூருவிலும் ஆஸ்திரேலியாவிலும் தேர்தல், தெரியும்தானே. இதற்குமேல் எழுத மனம் வரவில்லை அண்ணே.

மறுமொழி 2
நான் பார்த்தது துவாலு என்ற இன்னொரு பசிபிக் தீவு நாட்டில், 2024 ஜனவரி 26. ஃபிஜியிலிருந்து வேலையாக அதன் தலைநகர் ஃபுனாஃபுட்டி போயிருந்தேன். விமானம் வரும்போது சைரன் ஊதுவார்கள், ஓடுபாதையில் விளையாடும் பிள்ளைகள் ஒதுங்குவார்கள். அங்கேயும் கட்சி கிடையாது. எட்டுத் தொகுதி, தொகுதிக்கு இரண்டு எம்.பி., மொத்தம் 16. பிரதமர் கவுசியா நடானோ தோற்றுப்போனார். ஓட்டு எண்ணி முடித்தும் புதுப் பிரதமர் வர ஒரு மாதம் ஆனது. ஏன் தெரியுமா? கடல் கொந்தளித்து, வெளித்தீவு எம்.பி.க்களால் தலைநகருக்குப் படகேற முடியவில்லை. அவர்கள் வந்து சேர்ந்த பிறகு ஃபெலெட்டி தியோ போட்டியில்லாமல் பிரதமரானார். நம் ஊரில் எம்.எல்.ஏ.க்களை விடுதியில் பூட்டிவைப்பார்கள், அங்கே அந்த வேலையைக் கடல் பார்த்துக்கொண்டது.

மறுமொழி 3
முதல் பதிவு போட்டவருக்கு ஒரு கேள்வி. அந்த வீட்டுக்கார அம்மா மூன்றாவது சொந்தக்காரரை எங்கே போட்டார்?

மறுமொழி 4
கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அந்த மனிதர் அப்புறம் ஒரு மாதம் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தவே இல்லை. ரகசிய வாக்கெடுப்பு, எப்படித்தான் தெரிந்ததோ.