சத்து மீட்பும் சத்து மீள்வும்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

விளைச்சலோடு வயலை விட்டுப் போன சத்தைத் திரட்டி அந்த நிலத்துக்கே திருப்பும் வேலைக்கு, ஊராட்சிகளுக்கான கையேட்டில் எழுத ஒரு சொல் கேட்டு நான் தொடங்கிய இழையில் நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன: ஊட்டச்சத்து மறுசுழற்சி, சத்துவட்டம், மீளூட்டம், எருச்சுழல். ஒவ்வொன்றையும் உரிய காரணத்தோடு எழுதியிருக்கிறீர்கள் என்பதால் நானும் காரணத்தோடுதான் மறுமொழி சொல்ல வேண்டும். இந்த இரண்டு வாரங்களில் வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு, கணியம்பாடிப் பக்கத்து ஊர்களுக்குப் போனபோதெல்லாம் இச்சொற்களைச் சொல்லிப் பார்த்து, கேட்டவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று குறித்துவைத்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். விளைச்சலோடு வயலை விட்டு வெளியேறும் சத்து, மாட்டுக்குத் தீனியாகவும் வீட்டுக்கு உணவாகவும் மாறி, பிறகு சாணமாகவும் மூத்திரமாகவும் அடுப்படிக் கழிவாகவும் சாம்பலாகவும் எங்கோ ஒதுங்குகிறது. அதைத் திரட்டிப் பக்குவப்படுத்தி, எந்த நிலம் அதைத் தந்ததோ அந்த நிலத்துக்கே கொண்டுசேர்ப்பதுதான் நாம் பெயர் வைக்க முயலும் செயல். இயற்கையில் தானாக நடப்பதற்குப் பள்ளிப் பாடநூல்களில் 'உயிர் புவி வேதிச் சுழற்சி' என்ற பெயர் முன்பே இருக்கிறது. நமக்கு வேண்டியது மனிதர் முனைந்து செய்யும் வேலையின் பெயர். சுழற்சி, சுழல், வட்டம் என்று முடியும் சொற்களில் எனக்குள்ள தயக்கம் இதுதான்: யார் கையும் படாமலே நடந்துவிடும் ஒன்றைப் போல அவை இதைக் காட்டிவிடுகின்றன. மேட்டிலிருந்து எருவை வெட்டிக் கூடையில் வாரி, வண்டியில் ஏற்றி, வயலில் சிறு சிறு குவியலாகக் கொட்டி இறைத்தவர் யாரும் அது தானாகச் சுழன்று வந்தது என்று சொல்லமாட்டார்.

'மறுசுழற்சி' என்ற சொல்லுக்கு இன்னொரு குறையும் உண்டு. பழைய காகிதம் வேறொரு மாநிலத்துக்குப் போய் அட்டைப்பெட்டி ஆனாலும் அது மறுசுழற்சிதான். பொருள் எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் இல்லை. சத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே எல்லாம். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தில், அதாவது பொட்டாசியத்தில், ஐந்தில் நான்கு பங்கு நெல்லுக்குப் போவதில்லை, வைக்கோலில்தான் தங்குகிறது. அறுவடை முடிந்ததும் கட்டுக்கட்டாக வைக்கோல் லாரி ஏறி வெளியூர் போனால், நெல்லை விற்றதைவிடப் பெரிய அளவில் நாம் சாம்பல் சத்தை விற்றிருக்கிறோம் என்று பொருள். அதை ஈடுகட்ட நாம் வாங்கும் பொட்டாஷ் உரமோ ஏறக்குறைய முழுக்கக் கப்பலில் வருகிறது. அந்த வைக்கோல் போன இடத்தில் ஒரு மாட்டின் வயிற்றில் சாணமாகி அங்குள்ள நிலத்துக்குப் போயிருக்கலாம்; அதையும் மறுசுழற்சி என்றே சொல்லலாம். ஆனால் நம் ஊர் மண்ணுக்கு அது திரும்பவில்லை. ஆகவே திரும்பி வருதல் என்ற திசை சொல்லிலேயே இருக்க வேண்டும் என்பது என் முதல் நிபந்தனை.

அடுத்தது, 'ஊட்டச்சத்தா', 'சத்தா' என்ற கேள்வி. 'ஊட்டச்சத்து' என்று நான் சொன்ன இடங்களில் எல்லாம் பெண்கள் அங்கன்வாடியையும் இணை உணவு மாவையுமே நினைத்தார்கள். வெறும் 'சத்து' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. "மண்ணுல சத்து இல்ல" என்பது அன்றாடப் பேச்சு. இங்கே வேளாண்துறையின் ஒரு பழைய சாதனையை நினைவுபடுத்த விரும்புகிறேன். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகிய மூன்றையும் உழவர்களிடம் கொண்டுபோனவர்கள், அவற்றை ஒலிபெயர்த்து மட்டும் விட்டுவிடாமல், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று பெயரிட்டார்கள். முதலாவது இலையைத் தழைக்க வைப்பது, இரண்டாவது மணி பிடிக்க வைப்பது, மூன்றாவது அடுப்புச் சாம்பலில் இருப்பது. தனிமம் என்றால் என்னவென்று தெரியாத ஒருவர்கூடத் தன் வயலில் கண்ணால் பார்த்ததை வைத்து இம்மூன்றையும் பிரித்தறிய முடிந்தது. இன்று உரக்கடை வாசலில் எழுத்தறியாத முதியவரும் மணிச்சத்து என்று சொல்லிக் கேட்டு வாங்குகிறார். தமிழில் வேரூன்றிய கலைச்சொற்களில் இவற்றுக்கு இணையாக நான் வெகு சிலவற்றையே சொல்வேன். இந்த மூன்றோடும் சேர்ந்து நிற்க வேண்டிய நான்காவது சொல்லுக்கும் 'சத்து' என்ற பகுதியே பொருத்தம்.

குடியாத்தம் ஆசிரியர் ஐயா, 'சத்து' வடசொல் வழி வந்தது, 'ஊட்டம்' நம் சொல், எனவே 'மீளூட்டம்' என்று கொள்ளலாம் என எழுதியிருந்தார்கள். ஐயா சொன்ன வேர் பற்றி எனக்கு மறுப்பில்லை. 'ஊட்டு' என்ற வினையின் அழகும் எனக்குப் புரிகிறது, குழந்தைக்குச் சோறு ஊட்டும் கைதான் மண்ணுக்கும் ஊட்டுகிறது. ஆனால் ஓர் ஊராட்சி அலுவலகத்தில் இளைஞர் ஒருவரிடம் 'மீளூட்டம்' என்று எழுதிக் காட்டியபோது, "திட்டத்தைப் பற்றி மக்கள் சொல்லும் கருத்தா?" என்றுதான் கேட்டார். நம் இணையத் தலைமுறை வளர்த்த 'பின்னூட்டம்' அந்த அளவுக்கு நிலைபெற்றுவிட்டது. ஐயா பொறுத்தருள வேண்டும். தழைச்சத்து முதலானவற்றை மாற்றாத வரையில் இந்த ஒன்றில் மட்டும் 'ஊட்டம்' தனித்து நிற்கும்.

'எருச்சுழல்' என்பதில் பாதியை நான் மனமார ஏற்கிறேன். 'எரு' வள்ளுவர் கையாண்ட சொல். உழுவதைவிட எருவிடுதல் நன்று என்று 1038 ஆம் குறளில் சொல்கிறார். ஆனால் எரு என்பது பக்குவமான பொருளின் பெயர். ஏரி வண்டலையும், மாட்டு மூத்திரத்தையும், சாண எரிவாயுக் கலனிலிருந்து வழியும் கரைசலையும் எரு என்று நம் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. இன்னொன்று, வடாற்காட்டில் எருவுக்கு அன்றாடப் பெயர் 'குப்பை'. நிலத்துக்குக் குப்பை அடிப்பது என்றால் தொழுவுரம் கொண்டுபோய்க் கொட்டுவது. இதே சொல் நகரத்தில் தெருவோரம் எறிவதைக் குறிக்கிறது. சொல் ஒன்றுதான், நெகிழி வருவதற்கு முன்பு பொருளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

இதை எனக்கு விளங்கவைத்தவர் அணைக்கட்டுப் பக்கத்தில் முள்ளு கத்தரி பயிரிடும் ஓர் அம்மா. 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கத்தரியை அவர் மாமியார் காலத்திலிருந்து விதை எடுத்து வைத்துப் பயிரிடுகிறார். வீட்டுக் கழிவை உரமாக்கும் பக்கத்து உரக்கூடத்திலிருந்து இலவசமாகக் கிடைத்த ஒரு மூட்டை உரத்தைத் திண்ணையில் கொட்டி, ஒரு பிடி அள்ளி, விரலால் கிளறிக் காட்டினார். ஷாம்பு பொட்டலத்தின் கிழிந்த மூலை ஒன்று, நூல் ஒன்று, கண்ணாடிச் சில்லு ஒன்று வெளிப்பட்டன. "இது குப்பையே இல்லீங்க சார். குப்பைன்னா கையில எடுத்தா பொலபொலன்னு இருக்கணும், மழை பேஞ்ச மண்ணு மாதிரி வாசம் வரணும்" என்றார். அந்த மூட்டை அதற்குப் பிறகும் அவர் நிலத்துக்குப் போகவில்லை.

அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நமக்கு வேண்டியது ஒரு சொல் இல்லை, இரண்டு சொற்கள் என்று எனக்குப் பட்டது. கழிவிலிருந்து சத்தைப் பிரித்தெடுப்பது ஒரு வேலை; அது கூடத்தில் நடக்கிறது. எடுத்த சத்து வயலுக்குப் போய்ச் சேர்வது இன்னொரு வேலை. முதலாவது நடந்து இரண்டாவது நடக்காமல் போவதுதான் நான் பார்த்த பல இடங்களில் உள்ள நிலைமை. கணக்கேட்டில் இத்தனை கிலோ உரம் தயாரித்தோம் என்று எழுதப்படுகிறது. மூட்டைகள் சுவரோரம் அடுக்கியபடியே இருக்கின்றன. மறுசுழற்சி என்ற ஒற்றைச் சொல் இந்த இடைவெளியை மூடி மறைத்துவிடுகிறது. எனவே என் முன்மொழிவு:

முதல் வேலைக்குச் 'சத்து மீட்பு'. இரண்டாவதற்குச் 'சத்து மீள்வு'.

இரண்டும் ஒரே வேரிலிருந்து வருபவை; மீட்பது நாம், மீள்வது சத்து. அடகு வைத்த நகையை மீட்பது என்று ஊரில் எல்லோரும் சொல்வதால் முதல் சொல்லுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. மீட்ட நகை பெட்டிக்குள் போனால் போதாது, அது யாருடையதோ அவர் கழுத்துக்கு வர வேண்டும் என்று சொன்னதும் இரண்டாவதும் விளங்கிவிட்டது. கையேட்டில் "இந்த ஆண்டு சத்து மீட்பு நடந்த அளவு, அதில் சத்து மீள்வு நடந்த அளவு" என்று இரண்டு கட்டங்கள் போட்டால், மூட்டை சுவரோரம் நிற்பது தாளிலும் தெரியும்.

அளவு என்ற பேச்சு வந்ததால் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நல்ல தொழுவுரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது 20 கிலோவுக்குச் சற்று மேல். ஆக ஒரு மூட்டை யூரியாவின் தழைச்சத்துக்கு ஏறத்தாழ 4 டன் எரு வேண்டும். எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் என்ற பரிந்துரையை நினைத்துப் பாருங்கள். இத்தனை எடையைச் சுமப்பதால்தான் இது பக்கத்திலேயே நடக்க வேண்டிய வேலை. மூட்டை யூரியா எவ்வளவு தொலைவிலிருந்தும் வரலாம், எரு வராது.

திரும்புவது எதுவானாலும் சத்து ஆகிவிடாது என்பதையும் வரையறையில் எழுத வேண்டும். நம் மாவட்டத்துக்கு இது மற்ற மாவட்டங்களைவிட முக்கியம். பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழில் விட்டுச்சென்ற உப்பையும் குரோமியத்தையும் குறித்து 1996 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்ட வழக்குகளில் அது ஒன்று. அப்படிப்பட்ட சேற்றைக் காயவைத்து மண்ணில் கலந்தால் அதையும் மறுசுழற்சி என்று ஒருவர் சொல்லக்கூடும், ஆனால் சத்து மீள்வு என்று சொல்ல வாய் வராது. மண் முன்பு தந்ததே மண்ணுக்கு மீளும். மண் தராதது மீள முடியாது. இந்த வேறுபாட்டைச் சொல்லே காப்பாற்றுகிறது என்பதால்தான் 'கழிவு' என்ற பகுதியை நான் எங்கும் சேர்க்கவில்லை. கழிவைப் பிரித்து வளமாக்கும் பணியில் அறியப்பட்ட வேலூர் சீனிவாசன் தம் பணியைத் திடக்கழிவு மேலாண்மை என்னாமல் திட, திரவ வள மேலாண்மை என்று அழைத்ததும் இதே நோக்கில்தான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, உள்ளூர் வேளாண்மையையும் சத்து மீள்வையும் நடுவில் வைத்து வாழும் மக்கள் கூட்டத்துக்கு என்ன பெயர்? பின்லாந்தில் ஹெல்சிங்கிக்கு வடக்கே பாலோபுரோ என்ற சிற்றூரில், தானியப் பண்ணை, ரொட்டிக்கூடம், எரிவாயுக் கலன் ஆகியவற்றைப் பிணைக்கும் முயற்சி 2015 அளவில் தொடங்கியது. நிலத்துக்குத் தழைச்சத்து சேர்க்க வளர்க்கும் பசுந்தாள் பயிர் கலனுக்குள் போகிறது, எரிவாயு எடுத்த பிறகு மிஞ்சுவது வயலுக்குத் திரும்புகிறது. அங்குள்ள ஆய்வாளர்கள் வைத்த பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வேளாண் சூழலியல் இணைவாழ்வு' என்று வரும். ஆய்வுக் கட்டுரைக்கு அது போதும். கையேட்டுக்கு நான் 'சத்துமீள் ஊர்' என்று எழுதி வைத்திருந்தேன். 'வளங்குன்றா' என்ற அடைமொழியைச் சேர்க்கலாம் என்று ஒரு நண்பர் எழுதினார். நல்ல சொல்தான், ஆனால் சத்து மீளும் இடத்தில் வளம் குன்றாது என்பது பெயரிலேயே இருக்கிறது.

'ஊர்' என்பதை நான் மாற்றிக்கொண்டேன். மாற்றவைத்தவர் காலையில் வீடு வீடாகத் தள்ளுவண்டியோடு போய்க் கழிவைப் பிரித்து வாங்கும் தூய்மைக் காவலர் அம்மா ஒருவர். வரைவை வாசித்துக் காட்டியபோது, "ஊருன்னு போட்டா நாங்க அதுல வரமாட்டோமே சார்" என்றார். நம் பக்கத்தில் ஊர் வேறு, காலனி வேறு என்று பேசிப் பழகிய நாவுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்பதை நான் கவனிக்கத் தவறியிருந்தேன். சத்தை மீட்பது பெரும்பாலும் அவர் கை. நிலம் பெரும்பாலும் வேறொருவருடையது. இவர்களை வெளியே நிறுத்தும் ஒரு சொல்லை இந்த வேலைக்குப் பெயராக வைக்க எனக்கு மனம் இல்லை. எல்லாத் தெருவையும் எல்லாக் குடியிருப்பையும் சட்டப்படி உள்ளடக்கும் சொல் 'ஊராட்சி'. ஆகவே 'சத்துமீள் ஊராட்சி' என்று திருத்தியிருக்கிறேன்.

ஒரு சொல் இன்னும் அமையவில்லை. 2 கன மீட்டர் வீட்டுச் சாண எரிவாயுக் கலனுக்கு நாளொன்றுக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் கரைத்து ஊற்றுகிறோம். மறுபக்கம் வெளிவருவதற்கும் உள்ளே போவதற்கும் இப்போது 'சாணக் கரைசல்' என்ற ஒரே பெயர்தான் புழங்குகிறது. வெளிவருவதைச் 'செரித்த சாணம்' என்று எழுதலாமா, அல்லது உங்கள் ஊரில் இதற்கு வேறு சொல் உண்டா? கலன் வைத்திருப்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஆரணி, செய்யாறு, வாலாஜா பக்கத்து நண்பர்கள் அவசியம் எழுத வேண்டும்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து