பிளஸ் டூ முடித்த தங்கச்சியை மில்லுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள், எப்படித் தடுப்பது?

கிளுவைவேலி:
எங்களுக்கு ஊத்துக்குளி பக்கம். சித்தப்பா மகள் இந்த வருசம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தாள், 600-க்கு 471. பி.காம். படிக்க ஆசை. போன வாரம் ஏஜென்ட் ஒருத்தர் வந்து, மில் ஹாஸ்டலில் தங்கிக்கொள்ளலாம், மூன்று வருசம் முடிந்தால் மொத்தமாகப் பணம் தருவார்கள், கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார், அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். சித்தப்பா விசைத்தறி ஓட்டுகிறார், கெட்டவர் இல்லை. “சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வர்றதுக்கு யாரு கண்ணு துணைக்கு நிக்கறது?” என்கிறார். ஸ்டாப்பிலிருந்து வீடு ஒன்றரை கிலோமீட்டர், இரண்டு பக்கமும் வேலியும் சோளக்காடும், ஒரு விளக்கு கிடையாது. என்ன சொல்லிப் புரியவைப்பது? பணத்துக்கு என்ன வழி?

தறிக்காரர் மகள்:
தம்பி, நான் அப்படிப் போனவள்தான். 2009-ல் பத்தாவது முடித்த கையோடு அனுப்பினார்கள். நைட் ஷிப்டில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே எட்டு மணி நேரம் நடக்கணும், தலையெல்லாம் பஞ்சு, ஆள் வரவில்லை என்றால் அடுத்த ஷிப்டும் நம் தலையில்தான். 26-வது மாசம் காய்ச்சலில் படுத்து வீட்டுக்கு வந்துவிட்டேன், மூன்று வருசம் முடியவில்லை என்று அந்தத் தொகையில் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. உங்கள் சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: அது யாரும் தரும் சீர் இல்லை, மாசாமாசம் நம் கூலியில் பிடித்துவைக்கும் காசு. இன்னொன்று, டிசி, மார்க் ஷீட் எதையும் ஏஜென்ட் கையில் கொடுத்துவிடாதீர்கள். என்னுடையதை ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டு, திருப்பித் தர ஐந்து மாசம் அலையவிட்டார்கள், அதில் ஒரு வருசப் படிப்பு போச்சு. இப்போது கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுக்கு அப்புறம் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படிக்கிறேன். அந்த வயதில் படித்திருக்க வேண்டியது.

பிளஸ்டூ டீச்சர்:
பணத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். அரசுக் கலைக் கல்லூரியில் இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022-லிருந்து கொடுக்கிறார்கள், கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்கணும். பணம் அவள் கணக்குக்கே வரும், அதனால் அவள் பேரில் பேங்க் கணக்கு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு இதில்தான் தாமதமாகும்.

சித்தப்பாவின் பயத்தைத் தட்டிப் பேசாதீர்கள். இருட்டில் ஒன்றரை கிலோமீட்டர் என்றால் நானும் பயப்படுவேன். திருப்பூரில் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது, பெண்கள் மட்டும் படிக்கும் இடம் என்றால் பாதி பேச்சு அடங்கும். மீதிக்கு, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதியில் கேளுங்கள். தங்கல், சாப்பாடு இலவசம். வீடு எட்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்கணும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது, இது பல பேருக்குத் தெரிவதே இல்லை. வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் இ-சேவையில் இன்றைக்கே போட்டுவையுங்கள்.

பவானிக்கரை:
டீச்சர் சொல்வதுதான் எல்லா ஊரிலும் நடந்திருக்கிறது. பீகாரில் 2006-ல் ஒன்பதாவது சேரும் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள், பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் சேர்க்கை அதிகம் ஏறியது. வங்கதேசத்தில் 1994-லிருந்து உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு நாடு முழுக்க உதவித்தொகை, வகுப்புக்கு ஒழுங்காக வரணும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கல்யாணத்தைத் தள்ளிப்போட அப்பா அம்மாவுக்கு ஒரு காரணம் கிடைத்தது. நம் பக்கம் மில் வேன் விடியக்காலையில் வீட்டு வாசலுக்கே வந்து ஆரன் அடிக்கிறது, காலேஜுக்குப் போகிற பிள்ளைக்கு டவுன் பஸ் டிக்கெட் இலவசம், ஆனால் கடைசி வண்டியை விட்டால் அவ்வளவுதான். பஞ்சாயத்தில் அந்தத் தடத்துக்குத் தெருவிளக்கு கேட்டு மனு கொடுங்கள், கிராம சபையிலும் எழுந்து சொல்லுங்கள், நாங்கள் எங்கள் ஊரில் அப்படித்தான் நாலு கம்பம் வாங்கினோம்.

கிளுவைவேலி:
ரொம்ப நன்றிங்க. அக்கா எழுதியதை சித்தி படித்துக் காட்டச் சொன்னார்கள், மார்க் ஷீட் கதை வந்ததும் எழுந்து போய் பீரோவைத் திறந்து அவள் சான்றிதழ்கள் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்கள். சித்தப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. டீச்சர் சொன்ன ஹாஸ்டலை ஒரு தடவை நேரில் பார்க்கணும் என்கிறார், திங்கட்கிழமை தறிக்கு லீவு போட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் திருப்பூர் போகிறோம்.