ஆண்டு நடன நிகழ்ச்சியில் களியலுக்கு இடம் உண்டா?

கேள்வி (தக்கலை மாணவி):
எங்கள் பல்கலைக்கழக நடனத் துறையின் ஆண்டு நிகழ்ச்சிக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியுள்ளார்கள். அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான பரதநாட்டிய உருப்படிகளோடு நம் குமரி மாவட்ட நாட்டுப்புற ஆட்டமான களியலையும் சேர்க்க விரும்புகிறேன். இரண்டும் ஒரே நிகழ்ச்சியில் பொருந்துமா?

பதில் 1:
பொருந்தும், தடையாக இருப்பது மேடைதான். களியலில் குத்துவிளக்கைச் சுற்றி வட்டமாக நின்று, ஆசான் பாடும் பாட்டுக்கேற்பக் கம்புகளைத் தட்டி ஆடுவார்கள் என்பதால், உயர்ந்த மேடையில் வைத்தால் முன்வரிசையினர் ஆடுவோரின் முதுகையே பார்க்க நேரிடும். மேடைக்கு முன்னுள்ள தரையில் விளக்கேற்றி, களியலையே தொடக்க நிகழ்ச்சியாக்குங்கள். பதிவுசெய்த இசை வேண்டாம். ஆசான் வேகத்தைக் கூட்டும்போதுதான் ஆட்டமும் சூடேறும். பரதநாட்டிய உருப்படிகளில் வர்ணம் மட்டுமே அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும், ஆகவே அதைவிடச் சிறிய உருப்படிகளான சப்தத்தையோ ஒரு பதத்தையோ விட்டுவிடலாம்.

பதில் 2:
இரண்டையும் இணைக்க வரலாறே உதவும். மார்க்கம் எனப்படும் பரதநாட்டிய உருப்படி வரிசையை ஒழுங்குபடுத்திய சகோதரர்களான தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையில் இருந்தவர். நம் பகுதியும் 1956 வரை அந்த நிலப்பரப்பைச் சேர்ந்ததே. எனவே சுவாதித் திருநாள் இயற்றிய தனஶ்ரீ ராகத் தில்லானாவோடு முடிக்கலாம். தொகுப்புரையில் இதை இரண்டே வாக்கியங்களில் சொல்லுங்கள். நம் விழாக்களில் தொகுப்புரை நடனத்தைவிட நீண்டுவிடுவதுண்டு.

கேட்டவர்:
நன்றி. தரையில் ஆடுவதற்கான அனுமதியைத் துறைத் தலைவரிடம் கேட்கிறேன்.