ரயில் நின்னுபோன தடத்துல சைக்கிள் ஓட்டின அனுபவம் இருந்தா சொல்லுங்க

தேவிகுளம் அக்கா:

நான் இங்கிலாந்துல பிரிஸ்டலுக்கு நர்ஸ் வேலைக்குப் போன புதுசுல பஸ் செலவு கட்டுப்படியாகல, கூட வேலை பார்த்த பொண்ணுதான் பழைய சைக்கிள் ஒண்ணு வாங்கிக்கோ, ரயில்வே பாத்ல, அதான் பழைய ரயில் தடத்துல போட்ட சைக்கிள் பாதையில, வந்துரலாம்னு சொன்னா. நம்ம மலையில எந்தப் பொண்ணு சைக்கிள் ஓட்டுது சொல்லுங்க, லீவுக்கு போடியில சித்தி வீட்டுக்குப் போறப்ப வாடகை சைக்கிள்ல கத்துக்கிட்டதுதான் எனக்கு. பயந்துக்கிட்டேதான் ஏறினேன்.

பிரிஸ்டல்ல இருந்து பாத் ஊர் வரைக்கும் 13 மைல், 21 கிலோமீட்டர் அந்தப் பாதை. ஒரு காலத்துல மிட்லண்ட் ரயில்வே லைன். 1966ல பயணிகள் ரயிலை நிறுத்திட்டாங்க, கொஞ்ச வருஷத்துல கூட்ஸும் நின்னுருச்சு. புதர் மண்டிக் கிடந்த இடத்தை 1979ல இருந்து 1986 வரைக்கும் சைக்கிள்பேக்னு ஒரு குழு கொஞ்சம் கொஞ்சமா பாதையா மாத்திருக்காங்க, அந்தக் குழுதான் பின்னாடி சஸ்ட்ரான்ஸ்னு பெரிய அமைப்பா ஆச்சு. பிரிஸ்டல் ரோடெல்லாம் நம்ம ஊரு மாதிரி ஏத்தமும் இறக்கமும்தான், ஆனா இந்தத் தடத்துல ஏத்தமே தெரியாது, ஏன்னா எஞ்சினால செங்குத்தா ஏற முடியாது, இரும்புச் சக்கரம் இரும்பு மேல வழுக்கிரும், அதனால அந்தக் காலத்துலயே மேட்டை வெட்டி பள்ளத்துல மண்ணைக் கொட்டி கரை கட்டிச் சமப்படுத்தி வச்சுட்டாங்க. ரோடு குறுக்க வர்ற இடம் பலதுலயும் பாலம் இருக்கு, அதனால சிக்னல் தொல்லை கம்மி. நாம நெனச்சாலும் இன்னிக்கு ஒரு நகரத்துக்கு நடுவுல இப்படி ஒரு தடத்தைப் புதுசா வெட்ட முடியாதுங்க.

ஸ்டேப்பிள் ஹில்ல ஒரு சுரங்கம், 470 மீட்டர் சொச்சம். உள்ள நுழைஞ்சா மே மாசத்துலயும் காது சில்லுனு ஆகும், மேல செங்கல் இடுக்குல இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும், எதிர்ல வர்றவங்க பெல் அடிச்சா எந்தப் பக்கம் இருந்து வருதுன்னே புரியாது. பிட்டன் ஸ்டேஷன் பக்கம் பழைய நீராவி ரயிலை இன்னும் ஆசைக்கு ஓட்டுறாங்க, வேலி ஒண்ணுதான் நடுவுல, அந்தப் பக்கம் ரயில், இந்தப் பக்கம் நாம.

குறையும் சொல்றேன். நைட் ஷிப்ட் முடிஞ்சா தனியா அதுல போகவே மாட்டேன், நாலு பேரு சேர்ந்தாத்தான். தடம் பல இடத்துல பள்ளத்துக்குள்ள போகும், மேல ரோட்டுல போறவங்களுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது, பக்கத்துல வீட்டு வாசலும் இருக்காது. யாராவது நம்ம பக்கம் இப்படிப் போட்டா லைட்டும் வெளியேறுற படிக்கட்டும் முதல்லயே போடணும், அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா பொம்பளைங்க பாதி பேரு வரமாட்டாங்க.

2008ல அந்தப் பாதையில ஒரு பகுதியை எடுத்து பஸ் விடலாம்னு பேச்சு வந்துச்சாம், ஊரே கிளம்பிருச்சு, கைவிட்டுட்டாங்க.

செங்கோட்டைக்காரன்:

அக்கா, நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு ஒரு பயம் இருக்கு. எங்க செங்கோட்டை புனலூர் லைன் 1904ல வந்தது, 2010ல மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினப்ப இனிமே அவ்வளவுதான்னு ஊருல எல்லாரும் சொன்னாங்க. ஆரியங்காவு பக்கம் ஜனங்க தடத்து மேல நடந்து போயிட்டு இருந்தாங்க, ஆடு மேஞ்சுச்சு. 2018ல அகலப் பாதையா ரயில் திரும்ப வந்துச்சு, கழுதுருட்டி பதிமூணு கண் பாலத்துல இன்னிக்கும் ரயில் போகுது. உங்க போடி லைனையே பாருங்க, அதுவும் 2010ல நின்னது, தேனிக்கு 2022, போடிக்கு 2023ல தான் வந்துச்சு. நடுவுல யாராவது சைக்கிள் பாதைன்னு ஆரம்பிச்சிருந்தா ரயிலே வந்திருக்காதேன்னு தோணுது.

தேவிகுளம் அக்கா:

தம்பி, நீங்க சொல்றதுதான் விஷயமே. அமெரிக்காவுல 1983ல இதுக்குன்னே சட்டம் கொண்டு வந்தாங்க. ரயில் நின்ன லைனை துண்டு துண்டா பிரிச்சுக் கொடுக்காம முழுசா பாதையா வச்சுக்கலாம், நாளைக்கு ரயில் வேணும்னா திரும்ப எடுத்துக்கலாம். சைக்கிள் பாதைங்கிறது அந்த நிலத்துக்குக் காவல் மாதிரிதான். போடிக்கு ரயில் திரும்பி வந்ததுக்குக் காரணம் அந்தத் துண்டு நிலம் ரயில்வே கையிலயே இருந்ததுதான். நடுவுல நாலு இடத்துல வித்து வீடு கட்டியிருந்தா பன்னெண்டு வருஷம் இல்ல, நூறு வருஷம் ஆனாலும் வராது. அப்படி விட்டா என்ன ஆகும்னு எங்க மூணாறுதான் சாட்சி.

மாட்டுப்பெட்டி பையன்:

அக்கா சொன்னதுக்கு நான் கையெழுத்துப் போடுறேன். வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன், மூணாருல ரயில் ஓடிச்சுங்க. 1902ல மாடு இழுக்கிற ஒத்தத் தண்டவாளம், 1908ல ரெண்டடி அகலத்துல தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சின் விட்டாங்க. தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேஷன் போயி, அங்க இருந்து ரோப்வேல கீழ கோட்டக்குடி, அப்புறம் போடி. இப்பவும் டாப் ஸ்டேஷன்னு பேரு இருக்கு, ஸ்டேஷன்தான் இல்ல. 1924 ஜூலை வெள்ளம், மலையாள வருஷம் 1099ங்கிறதால 99 வெள்ளம்னு எங்க லயத்துல (எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசை) பெரியவங்க இன்னும் சொல்லுவாங்க, அதுல எல்லாம் போச்சு, திரும்பப் போடவே இல்ல. மூணார் ஸ்டேஷன் கட்டிடம் தேயிலை கம்பெனி ஆபீஸ் ஆயிருச்சு, தடத்துல கொஞ்சம் ரோடா ஆச்சு, கொஞ்சம் தேயிலைக்குள்ள போச்சு.

சீசன்ல அந்த டாப் ஸ்டேஷன் ரோட்டுல நான் சைக்கிள்ல போயிருக்கேன். ஒரு பக்கம் ஜீப்பு, ஒரு பக்கம் டூரிஸ்ட் பஸ், வளைவுல ஹாரன் அடிச்சுட்டே ஒட்டி வருவாங்க, காலை ஊனி ஓடைக்குள்ள இறங்கி நிக்கணும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களும் அதே ஓரத்துலதான் நடந்து வருதுங்க. முழுசா வேணாங்க, லயத்துல இருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரு துண்டு கிடைச்சாலே போதும்.

பாலக்காட்டுக்காரர்:

எல்லாத் தடத்தையும் பாதையாக்கணும்னு கிளம்பிராதீங்கப்பா. சாலக்குடியில இருந்து பரம்பிக்குளத்துக்கு காட்டுக்குள்ள டிராம்வே ஓடி 1963ல மூடினாங்க, அது இப்ப புலிகள் காப்பகம், அதை யானைக்கே விட்டுருங்க. ஜனங்க தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் போற இடத்துல கேளுங்க.

மாட்டுப்பெட்டி பையன்:

சரிங்கண்ணே. ஞாயித்துக்கிழமை காலையில நானும் ரெண்டு பசங்களும் பழைய தடம் ரோட்டை விட்டுப் பிரியற இடத்தையெல்லாம் போன்ல குறிச்சுட்டு வரப்போறோம். யாரு வீட்டுலயாவது பழைய எஸ்டேட் வரைபடம் இருந்தா, கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல, போட்டோ எடுத்துப் போடுங்க. பஞ்சாயத்துல கேக்கப் போறப்ப கையில ஏதாவது இருக்கணும்.