அம்மாவின் வாழ்க்கையை எப்படி எழுதுவது?

திராய்மடு மகள்:
எங்கள் வாசிகசாலை மலருக்கு அம்மாவைப் பற்றிக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். 1990இல் அப்பா பிடித்துச் செல்லப்பட்ட பின், மட்டக்களப்பின் நாவலடிக் கடற்கரையில் கருவாடு போட்டு விற்று எங்களை வளர்த்தவர் அவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது வீட்டோடு, அப்பாவைத் தேடிக் கொடுத்த முறைப்பாட்டுப் பிரதிகள் இருந்த பிஸ்கட் ரின்னும் போய்விட்டது. திராய்மடுவில் குடியேறியதும் கடல் தூரமாகிவிட்டதால் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்டால், "அம்மாள் பார்த்துக்கொண்டா" என்று கண்ணகி அம்மனைச் சொல்லிவிட்டு மாக் குழைக்கப் போய்விடுகிறார். "தன்னம்பிக்கையின் சிகரம்" என்று தலைப்பிடச் சொல்கிறார் செயலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எதை எழுதுவது?

காரைதீவு ரீச்சர்:
மகள், எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்டால் எவருக்கும் வாய் வராது. வீடு யாருடைய பேரில் இருந்தது என்று கேளுங்கள். நம் பகுதியில் சீதன வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்து அங்கே வந்து சேர்பவன் ஆண். பக்கத்து வளவில் தாயும் தங்கைமாரும் இருந்ததால், புருஷன் இல்லாமற் போனவளும் பிள்ளைகளை அவர்களிடம் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போக முடிந்தது. சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுத்த வீடுகளில் பல, "குடும்பத் தலைவர்" என்று ஆண்களின் பேரில் எழுதப்பட்டன. உறவுகளும் ஆளுக்கொரு திட்டத்தில் சிதறின. உங்கள் அம்மா தன் பேரில் எப்படி எடுத்தார்?

திராய்மடு மகள்:
அது பெரிய கதை, ரீச்சர். படிவத்துக்குக் கணவரின் கையொப்பம் அல்லது மரணச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். சான்றிதழை எடுத்துக்கொடுத்தால் வேலை முடிந்துவிடும் என்று உறவினர்களும் வற்புறுத்தினார்கள். "உடலைக் காட்டாமல் கடதாசியில எப்படிச் சாகடிக்கிற?" என்று கேட்டவர், கணவர் கையொப்பமிடும் கோட்டின் மேல் "இன்னும் வரவில்லை" என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அந்தப் படிவம் திரும்பி வந்தது. அதன் பிறகு எத்தனை கடிதங்கள், எத்தனை வரிசைகள்!

ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர்:
அந்த வரியை அப்படியே கட்டுரையில் போடுங்கள், மகள். 2010ஆம் ஆண்டுச் சட்டம், காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. ஆனால் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமல் காரியம் பார்க்க வழி இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே, இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லும் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் வந்தது. உங்கள் அம்மா போன்றவர்கள் அதற்கு வெகு காலம் முன்பே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுப்பது என்றால் வீடும் உதவிப் பணமும் தள்ளிப்போகும் என்று தெரிந்தே மறுத்தார்கள்.

வாவிக்கரையான்:
செயலாளரின் தலைப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். "தைரியசாலிகள்" என்று இந்தப் பெண்களைப் புகழ்ந்த அதே ஊர்களின் படலைகளில்தான் கிழமைக்கடன், அதாவது வாராவாரம் தவணை கட்டும் நுண்கடன், அறவிடுபவர்கள் வந்து நின்றார்கள். பெண்களைக் குழுவாக்கிக் கொடுக்கும் கடன் அது; ஒருத்தி கட்டாவிட்டால் குழுவே கட்ட வேண்டும். வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களை 2018இல் அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. அம்மாள் பார்த்துக்கொண்டா என்பதையும் விட்டுவிடலாம். வேலை செய்தவர் உங்கள் தாய்.

காரைதீவு ரீச்சர்:
தம்பி, அதை விடச் சொல்ல நீங்கள் யார்? கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்கு வரும் பெண்கள் கோயில் வீதியில் உட்கார்ந்து சும்மாவா கதைக்கிறார்கள்? யாருடைய பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணம் இல்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

திராய்மடு மகள்:
அம்மா கிழமைக்கடன் எடுக்கவில்லை. தன் கடனுக்காக இன்னொருத்தி படலையில் நிற்கக் கூடாது என்பாராம். சீட்டுத்தான் பிடித்தார். அதைப் பற்றிக் கேட்டதும், எந்த மாதம் யார் எடுத்தார், அந்தப் பணத்தில் யாருக்குத் தையல் மெசின் வந்தது என்று இரவு வெகு நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். சீட்டை எடுத்துவிட்டுக் கட்டாமற் போன ஒருவரின் பெயரைக் கட்டாயம் அச்சில் போட வேண்டுமாம். மலரில் அப்படிப் போட முடியாது என்று சொல்லிப் பார்த்தேன், இன்னும் இணங்கவில்லை.