வயர்லெஸ் ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் நம்பலாமா?

டெக்சாஸில் 1,600 கிலோ கேம்பர் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் வீடு போன்ற ட்ரெய்லர்) வாங்கியிருக்கிறேன், எலக்ட்ரிக் பிரேக். அதை வண்டியிலிருந்து இயக்க கன்ட்ரோலர் வேண்டும். டேஷ்போர்டைக் கழற்றி வயர் இழுக்க மனமில்லை. வயர்லெஸ் சரிவருமா?

பதில் 1:
தாராளமாக. என்னிடம் கர்ட் எக்கோ என்ற வயர்லெஸ் கன்ட்ரோலர் இருக்கிறது. வண்டியின் 7 பின் சாக்கெட்டில் அதைச் செருகி, அதில் ட்ரெய்லர் பிளக்கைச் செருகினால் போதும், மற்றதெல்லாம் போனில் புளூடூத் வழியாகத்தான். ஆனால் 4 பின் மட்டும் இருந்தால் விளக்குதான் எரியும், பிரேக்குக்கு மின்சாரம் வராது. முதலில் அதைப் பாருங்கள்.

பதில் 2:
செட்டிங்கில் அவசரம் வேண்டாம். ஆளில்லாத, காய்ந்த சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போய், ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்தி, அதன் சக்கரம் சுழலாமல் பூட்டும் வரை கெயினை (ட்ரெய்லர் பிரேக்குக்குப் போகும் மின்சார அளவை) கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், அப்புறம் சற்றே குறையுங்கள். முதல் நாள் எனக்கு டயர் கிரீச்சிட்டுத் தரையில் கருப்புக் கோடே விழுந்தது. சாமான் ஏற்றியதும் மறுபடி பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன், 4 பின்தான்! நல்லவேளை சொன்னீர்கள், முதலில் அதை மாற்றுகிறேன்.