மேல்வீட்டுக் காலடிச் சத்தம்: சீலிங்கில் என்ன செய்தால் குறையும்?

கேள்வி:
அடுக்குமாடிக் குடியிருப்பில் நடுத்தளத்தில் வசிக்கிறோம். மேல்வீட்டில் குழந்தை ஓடுவதும் நாற்காலி இழுபடுவதும் இரவு 11 மணி வரை கேட்கின்றன. தூங்கிக்கொண்டிருக்கும் என் தாயார் ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டு எழுந்துவிடுகிறார். பேச்சுச் சத்தம் அவ்வளவாக வருவதில்லை. முட்டை அட்டை வடிவப் பஞ்சுத் தகடுகளைச் சீலிங்கில் ஒட்டினால் போதும் என்கிறார்கள். இது பலன் தருமா?

மறுமொழி 1:
தயவுசெய்து அதை வாங்காதீர்கள். அந்தத் தகடுகள் அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்குமே தவிர, வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்கா. உங்களுக்குக் கேட்பது காற்றில் வரும் ஒலி அன்று. குதிகால் தரையில் மோதும்போது கான்கிரீட் தளமே அதிர்கிறது, அந்த அதிர்வுதான் உங்கள் அறையில் ஒலியாகிறது. 150 மி.மீ. கனமுள்ள தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 360 கிலோ எடையிருக்கும். அதன் அடியில் சில கிலோ எடையுள்ள எதை ஒட்டினாலும் அது தளத்தோடு சேர்ந்தேதான் அதிரும். ஆகவே, அடியில் போடும் புதிய சீலிங், தளத்தை இறுக்கமாகத் தொடாமல் தொங்க வேண்டும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது முழுக்க உண்மை. நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் எங்கள் வீட்டில் வெறும் 25 மி.மீ. இடைவெளி விட்டு, இரும்புக் கம்பிகளை நேரடியாகத் தளத்தில் அடித்து ஃபால்ஸ் சீலிங் போட்டார்கள். 'தொம் தொம்' என்ற சத்தம் முன்னைவிடக் கூடியதாகவே தோன்றியது. இடைவெளிக் காற்று ஸ்பிரிங் போல வேலை செய்வதால், இடைவெளி குறுகக் குறுக ஒத்ததிர்வு (சீலிங் பலகை மிகுதியாக அதிரும் அதிர்வெண்) மேலேறி, காலடிச் சத்தம் மிகுந்திருக்கும் 100 ஹெர்ட்ஸுக்கு அருகில் வந்துவிடுகிறது. இரண்டாம் முறை ரப்பர் பொருத்திய தொங்கிகள், 100 மி.மீ. இடைவெளி, அதற்குள் ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு), கீழே 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு என்று மாற்றினோம். நல்ல வித்தியாசம் தெரிந்தது. ஆனால் விளக்குக்காக வெட்டிய ஓட்டையில் காதை வைத்துக் கேட்டால், நாற்காலி இழுபடுவது அந்த வழியாக அப்படியே இறங்குவது தெரிந்தது. ஓட்டைகளை மூடி, விளக்குகளைப் பலகையின் மேற்பரப்பில் பொருத்தினோம்; சுவரோரத்து விளிம்பையும் காய்ந்தபின் இறுகிவிடாத சீலண்ட் கொண்டு அடைத்தோம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இவ்வளவு செய்தால் சத்தம் அறவே நின்றுவிடுமா?

மறுமொழி 1:
நிற்காது, குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகத் தோன்றும். செலவு செய்யும் முன் ஒன்று செய்யுங்கள்: மேலே ஓடும் நேரத்தில் பக்கச்சுவரில் காதை வைத்துக் கேளுங்கள். அதே 'தொம்' சுவரிலும் பலமாகக் கேட்டால், அதிர்வு சுவர் வழியாகவும் இறங்குகிறது என்று பொருள். அப்போது சீலிங் மட்டும் போதாது.

மறுமொழி 3:
என் கருத்தில் முதலில் மேல்வீட்டாரிடம் பேசுவதே நல்லது. அதிர்வைத் தளத்துக்குள் இறங்கவிடாமல் மேலேயே தடுப்பதுதான் எளிது. நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித்துணி வட்டுகளையும், குழந்தை ஓடும் இடத்துக்குத் தடித்த அடிவிரிப்போடு கூடிய கம்பளத்தையும் நீங்களே வாங்கிக் கொடுத்தாலும் தவறில்லை. அவர்களையும் ஒருநாள் உங்கள் படுக்கையறைக்கு அழைத்து, மேலே குழந்தை ஓடும்போது கேட்கச் சொல்லுங்கள். கீழே எப்படிக் கேட்கிறது என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது.